குறியீட்டில் சேரும் பங்கு: விலை ஏறுவது எப்போது, இறங்குவது எப்போது?

பங்குச் சந்தை: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்ததால், குறியீடுகள் (நிஃப்டி, சென்செக்ஸ் போன்ற பங்குப் பட்டியல்கள்) மாற்றியமைக்கப்படும்போது தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்கு விலைக்கு என்ன ஆகிறது என்பது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளோம்.

ஒரு மென்பொருள் நிறுவனத்தை முக்கியக் குறியீடு ஒன்றில் சேர்க்கப்போவதாகச் செய்தி வந்தது. சேரும் தேதிக்கு இரண்டு நாள் முன்பாக அதன் பங்குகளை வாங்கினேன். சேர்ந்த நாளிலிருந்து விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது. இண்டெக்ஸ் ஃபண்டுகள் கட்டாயம் வாங்கியாக வேண்டும் என்றால் விலை ஏறித்தானே இருக்க வேண்டும்? (வாசகர், ஈரோடு)

கட்டாயம் வாங்க வேண்டியவர்கள் வாங்கினார்கள் என்பதில் சந்தேகமில்லை. நீங்கள் வாங்கிய மறுநாளே அவர்கள் வாங்கி முடித்தும் விட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

இண்டெக்ஸ் ஃபண்டை நிர்வகிப்பவருக்கு, ஒரு பங்கு மலிவாகக் கிடைக்கிறதா, விலை கூடிவிட்டதா என்ற யோசனைக்கே இடமில்லை. குறியீட்டில் எந்தப் பங்கு எத்தனை சதவிகிதம் இருக்கிறதோ, அதே விகிதத்தில் அவருடைய ஃபண்டிலும் இருக்க வேண்டும். அதிலிருந்து விலகினால் ‘டிராக்கிங் எரர்’ என்று அவர் கணக்கில்தான் எழுதப்படும். நிஃப்டி 50 குறியீட்டை எடுத்துக்கொண்டால், ஜனவரி, ஜூலை மாத இறுதி வரையிலான ஆறு மாதத் தரவுகளைக் கொண்டு புதிய பட்டியல் தயாராகி, சுமார் நான்கு வாரம் முன்னதாக அறிவிக்கப்பட்டு, மார்ச், செப்டம்பர் இறுதியில் நடைமுறைக்கு வருகிறது. 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியான அறிவிப்பின்படி எல்டிஐமைண்ட்ட்ரீ, டிவிஸ் லேபாரட்டரீஸ் ஆகிய இரண்டும் வெளியேறி, டிரென்ட், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகிய இரண்டும் உள்ளே வந்தன. அமலுக்கு வந்த நாள் செப்டம்பர் 30, திங்கள்கிழமை. ஆனால் ஃபண்டு மேலாளர்களுக்கு வேலை இருந்தது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, 27-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கும் 3.30 மணிக்கும் இடையில்தான். நம் சந்தையில் அப்போது இருந்த முறைப்படி, கடைசி அரை மணி நேர வியாபாரத்தின் சராசரியே ஒரு பங்கின் அன்றைய இறுதி விலை. குறியீடும் அந்த விலையில்தான் பழைய பங்கை இறக்கிப் புதிய பங்கை ஏற்றுகிறது. ஆகவே, அதற்கு முன்பும் வாங்காமல் பின்பும் வாங்காமல், அந்த அரை மணி நேரத்திலேயே வாங்கி முடிப்பதுதான் ஃபண்டு மேலாளருக்குப் பாதுகாப்பாக இருந்தது.

இப்போது எதிர்ப்பக்கத்தில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். யார் வாங்கப்போகிறார்கள், ஏறக்குறைய எவ்வளவு வாங்குவார்கள், எந்த அரை மணி நேரத்தில் வாங்குவார்கள் என்ற மூன்றும் நான்கு வாரம் முன்பே ஊரறிந்த விஷயம். முகூர்த்த நாள் பஞ்சாங்கத்தில் முன்பே இருப்பதால் மல்லிகைப்பூ விலை முந்தின நாளே ஏறிவிடுகிறது. முகூர்த்தம் முடிந்த மதியத்தில் அதே பூவைக் கேட்பாரில்லை. பங்கு பூவைப் போல வாடாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். அறிவிப்பு வந்த அன்றே, சில சமயம் அதற்கும் முன்பே வாங்கி வைத்த டிரேடர்கள், அந்த அரை மணி நேரத்தில் ஃபண்டுகளிடம் விற்றுவிட்டு வெளியேறுகிறார்கள். நீங்கள் வாங்கியது, அவர்கள் விற்கத் தயாராக நின்ற நேரத்தில்.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் டெஸ்லா. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் அது சேர்க்கப்படும் என்று 2020 நவம்பர் 16 மாலை அறிவிப்பு வந்தது. அன்றைய இறுதி விலை சுமார் 408 டாலர். அமலுக்கு வரும் டிசம்பர் 21-க்கு முந்தைய வெள்ளிக்கிழமை, 18-ஆம் தேதி, 20 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள் கைமாறி, விலை 695 டாலரில் முடிந்தது. அறிவிப்புக்கும் சேர்க்கைக்கும் இடையில் சுமார் 70 சதவிகித ஏற்றம். அந்த ஐந்து வாரங்களில் டெஸ்லா தயாரித்த கார்களின் எண்ணிக்கை 70 சதவிகிதம் கூடிவிடவில்லை. குறியீட்டின் உறுப்பினராக முதன்முதலில் வர்த்தகமான திங்கள்கிழமையே பங்கு 6 சதவிகிதத்துக்கு மேல் இறங்கியது. ஆனால் கதை அங்கேயே முடியவில்லை. அடுத்த மூன்று வாரத்துக்குள் அதே பங்கு 800 டாலரையும் தாண்டியது. அதாவது, சேர்ந்த மறுநாள் விழும் என்று நம்பி விற்றவர்களுக்கும் பாடம் கிடைத்தது.

டாட்காம் காலத்து யாகூவை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1999 நவம்பர் 30 அன்று எஸ் அண்ட் பி 500-ல் சேரும் அறிவிப்பு வந்து, டிசம்பர் 7 அன்று சந்தை முடிவதற்குள் அந்தப் பங்கு 60 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. கடைசி நாளில் மட்டும் ஏற்றம் சுமார் 24 சதவிகிதம்.

உங்கள் பங்கை வைத்திருப்பதா, விற்பதா என்பதற்கு இனி குறியீடு பதில் சொல்லாது. அந்த நிறுவனத்தின் புதிய ஒப்பந்தங்களும் லாப விகிதமும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். குறியீட்டுக்காக வந்த கூட்டம் கலைந்த பிறகு மிஞ்சுவது அவைதான்.

அமெரிக்காவின் நாஸ்டாக் 100 குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டில் எஸ்ஐபி (தவணை முறை முதலீடு) செலுத்தி வருகிறேன். 2023-ல் நன்றாக ஏறிக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட், என்விடியா போன்ற பங்குகளின் எடையை (குறியீட்டில் அவற்றின் சதவிகிதத்தை) திடீரென்று குறைத்தார்களாமே? ஓடுகிற குதிரையின் காலைக் கட்டுவது போல இல்லையா? என் முதலீட்டுக்கு அதனால் நஷ்டமா? (வாசகி, கோயம்புத்தூர்)

அது வழக்கமான ஆண்டு மாற்றம் அல்ல, சிறப்பு மறுசீரமைப்பு. அந்தக் குறியீட்டின் வரலாற்றில் அதற்கு முன் 1998-லும் 2011-லும் மட்டுமே அப்படிச் செய்திருந்தார்கள். 2011-ல் ஆப்பிள் ஒன்றே குறியீட்டில் ஐந்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுமார் 12 சதவிகிதத்துக்குக் குறைத்தார்கள். 2023-ல் பிரச்சினை ஒரு நிறுவனம் அல்ல, ஒரு கூட்டம். 4.5 சதவிகிதத்துக்கு மேல் எடை கொண்ட நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து 48 சதவிகிதத்தைத் தாண்டினால், அவற்றின் கூட்டு எடையை 40 சதவிகிதத்துக்கு இறக்க வேண்டும் என்பது விதி. ஏஐ அலையில் அந்த எல்லை உடைந்தது. ஜூலை 24 முதல் மைக்ரோசாஃப்டின் எடை சுமார் 13 சதவிகிதத்திலிருந்து 10-க்கும், என்விடியாவின் எடை சுமார் 7 சதவிகிதத்திலிருந்து 4-ஐச் சற்றே தாண்டிய அளவுக்கும் இறங்கின.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு வரிச் சட்டம் இருக்கிறது. தனித்தனியே 5 சதவிகிதத்தைத் தாண்டும் முதலீடுகள் எல்லாம் சேர்ந்து ஃபண்டில் பாதியைத் தாண்டினால், பரவலாக முதலீடு செய்த ஃபண்டுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் வரிச் சலுகைக்குச் சிக்கல் வரும். குதிரையின் காலைக் கட்டியது குதிரையின் மேல் உள்ள அவநம்பிக்கையால் அல்ல. அந்த விற்பனையால் என்விடியா ஓய்ந்துவிடவும் இல்லை. அந்த ஆண்டு முழுமைக்கும் பார்த்தால் பங்கு விலை மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது.

இதைவிட விசித்திரமான ஒன்று அடுத்த ஆண்டு நடந்தது. எக்ஸ்எல்கே என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் தொழில்நுட்பத் துறை ஈடிஎஃப் (பங்கைப் போலவே சந்தையில் கைமாறும் ஃபண்டு), சுமார் 7,000 கோடி டாலர் கையாண்டுவந்தது. அது பின்பற்றிய குறியீட்டின் விதி, மேலே சொன்ன 50 சதவிகித எல்லையைக் காப்பதற்காக, பெரிய மூன்று நிறுவனங்களில் மூன்றாவதாக இருப்பதன் எடையை 4.5 சதவிகிதத்துக்கு வெட்டிவிடும். மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், என்விடியா மூன்றுமே சந்தை மதிப்பில் சுமார் 3 லட்சம் கோடி டாலரைத் தொட்டு நின்ற 2024 ஜூனில், என்விடியா மயிரிழையில் ஆப்பிளை முந்தியது. விளைவாக, என்விடியாவின் எடை சுமார் 6 சதவிகிதத்திலிருந்து 21-க்கும், ஆப்பிளின் எடை சுமார் 22 சதவிகிதத்திலிருந்து 4.5-க்கும் மாறின. ஏறத்தாழ சமமான இரண்டு நிறுவனங்களில் ஒன்றை மாடியிலும் மற்றொன்றைத் திண்ணையிலும் உட்கார வைத்த விதி அது. விமர்சனம் வலுத்து, அதே ஆண்டு செப்டம்பரில் விதியை மாற்றினார்கள்.

அந்த ஒரு ஃபண்டு மட்டும் 1,000 கோடி டாலர் அளவுக்கு என்விடியாவை வாங்கியாக வேண்டியிருந்தது. அப்படியென்றால் விலை பாய்ந்திருக்க வேண்டும் அல்லவா? மாற்றம் நடந்த ஜூன் 21 வெள்ளிக்கிழமை என்விடியா 3 சதவிகிதத்துக்கு மேல் இறங்கியது. திங்கள்கிழமை மேலும் 6 சதவிகிதத்துக்கு மேல் சரிந்தது. காரணம் எளிது. அந்தப் பங்கு அப்போது ஒரே நாளில் பல ஆயிரம் கோடி டாலருக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளத்தில் 1,000 கோடி டாலர் ஒரு குடம் தண்ணீர். லாபத்தைக் கையில் எடுக்க நினைத்தவர்களின் விற்பனை அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு மாற்றம் விலையை அசைக்குமா என்று அறிய, கட்டாயமாக வாங்க வேண்டிய தொகையை அந்தப் பங்கின் வழக்கமான ஒரு நாள் வியாபாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல மடங்கு இருந்தால் விலை அசையும். நாள் வியாபாரத்தில் ஒரு பகுதிதான் என்றால், அன்றைய வேறு செய்தி எதுவும் அதை அடித்துச் சென்றுவிடும். ஆகவேதான் இந்த விளைவு ஆப்பிளிலும் மைக்ரோசாஃப்டிலும் தெரிவதைவிட, வியாபாரம் குறைவாக உள்ள நடுத்தர மென்பொருள் நிறுவனங்களில் அதிகமாகத் தெரிகிறது.

உங்களுடைய நஷ்டம் பற்றி: எடைக் குறைப்பால் நேரடியாக நஷ்டம் இல்லை, ஏனென்றால் ஒன்றை விற்ற பணத்தில் குறியீட்டின் மற்ற பங்குகள் வாங்கப்படுகின்றன. மறைமுகமான செலவு ஒன்று உண்டு. புதிய பங்கு ஒன்று டிரேடர்களால் ஏற்றிவிடப்பட்ட விலையில் குறியீட்டுக்குள் வரும்போது, உங்கள் ஃபண்டும் அதே விலையில் வாங்குகிறது. குறியீடும் அதே விலையைத்தான் எழுதிக்கொள்கிறது என்பதால், இரண்டுக்கும் இடையில் வித்தியாசமே தெரியாது. டிராக்கிங் எரர் பூஜ்யம் என்று அறிக்கை மார்தட்டும். இந்தச் செலவு எந்த அறிக்கையிலும் வராது. ஆனாலும், நீண்ட கால எஸ்ஐபியை நிறுத்தும் அளவுக்கு இது பெரிய தொகை அல்ல என்பது என் கருத்து.

டிசிஎஸ், இன்ஃபோசிஸைவிடப் பெரிய நிறுவனம். ஆனால் நிஃப்டியில் இன்ஃபோசிஸுக்குத்தான் எடை அதிகம். இது எப்படி? (வாசகர், சென்னை)

2009 ஜூன் மாதத்திலிருந்து நிஃப்டி, நிறுவனத்தின் முழுச் சந்தை மதிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. புரொமோட்டர் (நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் உரிமையாளர் தரப்பு) வசம் உள்ளதைக் கழித்து, பொதுவில் கைமாறக்கூடிய பங்குகளின் மதிப்பை மட்டுமே எடுக்கிறது. இதைத்தான் ‘ஃப்ரீ ஃப்ளோட்’ என்கிறார்கள். டிசிஎஸ் பங்குகளில் 70 சதவிகிதத்துக்கு மேல் டாடா சன்ஸ் வசம் இருக்கிறது. இன்ஃபோசிஸில் நிறுவனர் குடும்பங்களிடம் இருப்பது சுமார் 15 சதவிகிதம். வீடு பெரிது, ஆனால் வாடகைக்கு விடும் பகுதி சிறிது.

இதற்கும் மறுசீரமைப்புக்கும் தொடர்பு உண்டு. புரொமோட்டர் ஒரு பகுதியை விற்றால், நிறுவனத்தில் எதுவுமே மாறாவிட்டாலும் ஃப்ரீ ஃப்ளோட் கூடி, குறியீட்டில் எடை உயரும். இண்டெக்ஸ் ஃபண்டுகள் கூடுதலாக வாங்க வேண்டிவரும். 2024 மார்ச்சில் டாடா சன்ஸ் சுமார் 2.34 கோடி டிசிஎஸ் பங்குகளை விற்றது. தொகை 9,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றாலும், மொத்தப் பங்குகளில் அது ஒரு சதவிகிதம்கூட இல்லை என்பதால் எடையில் வந்த மாற்றம் சொற்பமே.

டோ ஜோன்ஸ் குறியீட்டில் இன்டெல்லை எடுத்துவிட்டு என்விடியாவை ஏன் இவ்வளவு தாமதமாகச் சேர்த்தார்கள்? (வாசகர், திருநெல்வேலி)

டோ ஜோன்ஸில் எடை என்பது பங்கின் விலையைப் பொறுத்தது. நிறுவனத்தின் அளவைப் பொறுத்தது அல்ல. 1,000 டாலருக்கு விற்ற என்விடியாவை அப்படியே சேர்த்திருந்தால், 30 பங்குகள் கொண்ட குறியீட்டை அது ஒன்றே ஆட்டிப்படைத்திருக்கும். 2024 ஜூனில் ஒரு பங்கு பத்தாகப் பிரிக்கப்பட்ட பிறகு, நவம்பர் 8 அன்று சேர்த்தார்கள். ஆப்பிளுக்கும் இதே கதைதான்: 2014-ல் ஒன்று ஏழாகப் பிரிந்தது, 2015 மார்ச்சில் உள்ளே வந்தது. டோ ஜோன்ஸைப் பின்பற்றும் ஃபண்டுகளின் பணம் எஸ் அண்ட் பி 500-ஐப் பின்பற்றுவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆகவே அங்கு சேர்வது பெரும்பாலும் கௌரவம்தான்.

சென்செக்ஸிலும் நிஃப்டியிலும் சேர்த்துவிட்டால் அந்த நிறுவனம் தரமானது என்று எடுத்துக்கொள்ளலாமா? என் நண்பர்கள் ஜொமேட்டோவை அந்த நம்பிக்கையில்தான் வாங்கினார்கள். (கல்லூரி மாணவர், மதுரை)

குறியீடு தரச்சான்று அல்ல. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய, எளிதில் வாங்கி விற்க முடிகிற பங்கு என்பதற்கான ஒப்புதல் மட்டுமே அது.

ஜொமேட்டோவை சென்செக்ஸில் ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீலுக்குப் பதிலாகச் சேர்ப்பதாக 2024 நவம்பர் 22 அன்று அறிவித்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் பங்கு 300 ரூபாயைத் தாண்டியது. டிசம்பர் 23 அன்று சென்செக்ஸில் சேர்ந்தபோது அந்த உச்சத்திலிருந்து ஏற்கெனவே இறங்கியிருந்தது. 2025 ஜனவரி 20 அன்று காலாண்டு முடிவு வந்தது: நிகர லாபம் முந்தைய ஆண்டின் 138 கோடி ரூபாயிலிருந்து 59 கோடிக்குக் குறைந்திருந்தது. மறுநாள் பங்கு சுமார் 10 சதவிகிதம் சரிந்தது. சென்செக்ஸ் உறுப்பினர் என்ற பட்டம் ஒரு பைசாவைக்கூடக் காப்பாற்றவில்லை. அதன் பிறகும், மார்ச் 28 அன்று அது நிஃப்டி 50-க்குள் நுழைந்தது. விதிகள் கேட்பது ஆறு மாத சராசரியை, நேற்றைய லாபத்தை அல்ல.

இன்னும் கூர்மையான உதாரணம் வேண்டுமென்றால் சூப்பர் மைக்ரோ கம்ப்யூட்டர். ஏஐ சர்வர் தயாரிக்கும் இந்த அமெரிக்க நிறுவனம் எஸ் அண்ட் பி 500-ல் சேர்க்கப்படும் என்ற செய்தி வந்த பின், முதல் வர்த்தக நாளான 2024 மார்ச் 4 அன்று பங்கு ஒரே நாளில் சுமார் 19 சதவிகிதம் ஏறியது. ஜூலையில் நாஸ்டாக் 100-லும் சேர்ந்தது. அக்டோபர் இறுதியில் அதன் தணிக்கை நிறுவனம் பொறுப்பிலிருந்து விலகிய செய்தி வெளியானது. அன்று ஒரே நாளில் பங்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. டிசம்பரில் நாஸ்டாக் 100-லிருந்து நீக்கப்பட்டது. நுழைந்து ஐந்தே மாதம். உச்சத்துக்கு அருகில் சேர்த்து, சரிந்த பிறகு நீக்குவது இந்த விதிகளுடன் பிறந்த குறை. அளவை மட்டும் பார்க்கும் எந்தக் குறியீடும் ஏறியதை வாங்கி, இறங்கியதை விற்கத்தான் செய்யும்.

அடுத்து எந்தப் பங்கு சேரும் என்று முன்கூட்டியே கணித்து வாங்கினால் லாபம் உண்டா? விதிகள்தான் வெளிப்படையாக இருக்கின்றனவே. (வாசகர், சேலம்)

வெளிப்படையாக இருப்பதுதான் தொல்லை. உங்களால் கணிக்க முடிந்ததை, தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள் மாதங்களுக்கு முன்பே கணித்து அறிக்கையாக வெளியிட்டு விடுகின்றன. எஸ் அண்ட் பி 500-ல் சேர்ந்த பங்குகளை ஆராய்ந்த ராபின் கிரீன்வுட், மார்கோ சாமன் ஆகியோரின் கணக்குப்படி, சேர்க்கையால் கிடைத்த கூடுதல் ஏற்றம் 1980-களில் சராசரியாக 3.4 சதவிகிதம், 1990-களில் 7.4 சதவிகிதம், 2010-களில் அது ஒரு சதவிகிதத்துக்கும் கீழே போய்விட்டது. இண்டெக்ஸ் ஃபண்டுகளின் பணம் பன்மடங்கு பெருகிய அதே காலத்தில் இந்த லாபம் சுருங்கியிருப்பது, முந்திக்கொண்டு வாங்கும் கூட்டமும் பெருத்துவிட்டதைத்தான் காட்டுகிறது. டெஸ்லா போன்றவை இந்தச் சராசரிக்குள் அடங்காத விதிவிலக்குகள்.

இரண்டாவதாக, விதிகளில் பலர் கவனிக்காத நிபந்தனைகள் உண்டு. நிஃப்டி 50-ல் சேர, அந்தப் பங்கு எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் முன்பேர ஒப்பந்தங்கள்) பிரிவில் வர்த்தகமாக வேண்டும். ஜொமேட்டோ அளவில் எப்போதோ பெரிதாகிவிட்டது. ஆனால் அதற்கு எஃப் அண்ட் ஓ அனுமதி கிடைத்தது 2024 நவம்பர் 29 அன்றுதான். அளவை மட்டும் பார்த்து செப்டம்பர் மாற்றத்திலேயே எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். நிறுவனங்களே விதிக்கேற்ப வளைந்துகொடுப்பதும் உண்டு: அமெரிக்க மென்பொருள் நிறுவனமான பலன்டிர் தன் பங்குகளை நியூயார்க் பங்குச் சந்தையிலிருந்து நாஸ்டாக்குக்கு மாற்றப்போவதாக 2024 நவம்பரில் அறிவித்தபோது, நாஸ்டாக் 100-க்குத் தகுதி பெறுவதையும் சேர்த்தே சொன்னது. அடுத்த நாளே பங்கு பாய்ந்தது. டிசம்பர் 23 அன்று குறியீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

மூன்றாவது, எஸ் அண்ட் பி 500-ல் விதிகளைப் பூர்த்தி செய்தால் மட்டும் போதாது. முடிவெடுப்பது ஒரு குழு. 2020 ஜூலையில் டெஸ்லா தொடர்ந்து நான்காவது காலாண்டாக லாபம் காட்டியதும், லாபம் பற்றிய நிபந்தனை நிறைவேறியது, இனி சேர்க்கை நிச்சயம் என்று பலரும் வாங்கிக் குவித்தார்கள். செப்டம்பர் 4 மாலை வெளியான பட்டியலில் எட்சி, டெரடைன், கேட்டலென்ட் ஆகிய பெயர்கள் இருந்தன, டெஸ்லா இல்லை. விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை சந்தை திறந்தபோது, முன்கூட்டியே சரியாகக் கணித்தவர்கள் அனைவரும் கையில் வைத்திருந்த பங்கு ஒரே நாளில் 21 சதவிகிதம் விழுந்தது.